ஹெலன் கெல்லர் அம்மையார்

அறிவு மனத்துட் புகுவதற்கு இயற்கை அமைத்த வாயில்கள் ஐந்து. அவற்றுள் கண்ணும் செவியுமே பெருவாயில்கள். ஒரு வாயில் அடைபட்டோர் மற்றதனைக் கொண்டு குறையை நிறைவு செய்துகொள்வதை உலகில் காண்கிறோம். பழனியிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் கண்ணொளி இழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், செவி வாயிலாகவே தமிழ் நூல்களைக் கற்றுச் சேது நாட்டில் பெரும்புலவராய்ப் போற்றப்பெற்றார். காது கேளாதவர், கண்ணாற் படித்தும் பிறர் வாயசைவைக் கண்டும் உலகியலை உணர்ந்துகொள்கின்றனர். இவ்விரு வாயில்களும் ஒருங்கே சாத்தப்பட்டால் அவ்வுயிரின் நிலை யாதாகும்? அந்நிலையினின்றும் மீண்டு, கல்வி கற்று, பட்டமும் பெற்று, தம் உழைப்பால் வாழ முயன்றவர் அமெரிக்க நாட்டு ஹெலன் கெல்லர் அம்மையார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் அலபாமா என்னும் மாநிலம் உள்ளது. அங்கு டஸ்கம்பியா என்னும் சிற்றூரில், 1880-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 27-ஆம் நாள் ஹெலன் பிறந்தார். தந்தையார் ஆர்தர் கெல்லர், படைத்தலைவராய் இருந்து பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியராய் அமர்ந்தவர். தாயார் பெயர் கேட். குழந்தை நல்ல கண்ணோடும் செவியோடும் பிறந்தது. ஓராண்டு நிரம்பும் முன்பே மழலைச் சொற்கள் சில பேசத் தொடங்கியது. 1882-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், குழந்தைக்குப் பத்தொன்பது திங்கள் நிரம்பியிருந்தபோது, கடுங்காய்ச்சல் ஒன்று கண்டது. மருத்துவர் பிழைப்பது அரிது என்றனர். ஒருநாள் காலையில் காய்ச்சல் வந்தவாறே திடீரென நீங்கிற்று. வீட்டார் இறைவனை வாழ்த்தி மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. கண்ணெதிரே கையை அசைத்தாலும் குழந்தை இமைக்கவில்லை. உணவுக்கு அழைக்கும் மணியோசைக்குத் திரும்பவில்லை. கண்ணும் செவியும் காய்ச்சலோடு போயின என்பதைத் தாய் உணர்ந்தார். அந்நோய் இன்னதென்று அக்காலத்தார் தெளியவில்லை. மூளையைச் சூழ்ந்த சவ்வில் உண்டாகும் அழற்சியாகவோ செங்காய்ச்சலாகவோ இருக்கலாம் என்று இக்காலத்தார் கருதுகின்றனர்.

செவி கேளாத குழந்தைக்குப் பேச்சும் வருவதில்லை. கற்றிருந்த சில மழலைச் சொற்களும் மறைந்தன. நீரைக் குறிக்கும் ஒலி ஒன்று மட்டும் சிதைந்த வடிவில் நாவில் எஞ்சி நின்றது. ஆயினும் அக்குழந்தையின் அறிவு உறங்கவில்லை. தானாகவே குறிப்புச் சைகைகளை அமைத்துக்கொண்டது. ரொட்டி வேண்டுமாயின் கத்தியால் அறுத்து வெண்ணெய் தடவுவதுபோற் காட்டும். குளிர்ந்த பாலேடு வேண்டுமாயின் உடல் நடுங்கிக் காட்டும். இவ்வாறு அறுபதுக்கு மேற்பட்ட சைகைகள் அதனிடம் இருந்தன. ஆனால் மற்றவர்கள் தன்னைப்போற் கைகாட்டிப் பேசாமல் வாயசைத்துப் பேசுகின்றனர் என்பதை அவர்கள் உதடுகளைத் தொட்டறிந்த சிறுமி, தானும் வாயை அசைத்துப் பார்த்தாள். பயன் விளையாமை கண்டு சினம் பொங்க, உதைத்தும் கதறியும் களைத்து விழுவாள். ஒருமுறை தாயையே பண்ட அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் கதவைத் தட்டும் அதிர்வை உணர்ந்து வெளியே சிரித்துக்கொண்டிருந்தாள். உறவினர் சிலர் அவளை அறிவிலி எனக் கருதினர். அவர்கள் கருத்துப் பொய்த்தது ஒரு பெண்மணியின் வருகையால் ஆகும்.

அப்பெண்மணி ஆன் சலிவன். அவர் வரலாறும் இங்கே அறியத்தக்கது. ஏனெனில் துன்பத்தில் அவர் மாணவிக்குக் குறைந்தவர் அல்லர். வறிய ஐரிஷ் குடியில் 1866-இல் பிறந்த அவருக்கு ஐந்து வயதளவில் கண்ணோய் கண்டு பார்வை பெரிதும் மங்கிற்று. தாய் இறந்தார், தந்தை கைவிட்டுச் சென்றார். அவரும் அவர் தம்பியும் டியூக்ஸ்பரி என்னுமிடத்து ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். தம்பி சின்னாட்களில் அங்கேயே மாண்டான். அவ்விடுதியைப் பார்வையிட வந்த அலுவலர்முன் ஓடிச்சென்று, தம்மைப் பள்ளிக்கு அனுப்புமாறு அச்சிறுமி வேண்டிக்கொண்டார். அதன் பயனாகப் பதினான்காம் வயதில், எழுத்தறியாதவராய், பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தார். ஆறாண்டுகளில் வகுப்பில் முதன்மையாகத் தேறினார். அறுவை மருத்துவத்தால் ஓரளவு பார்வையும் திரும்பிற்று. அப்பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்னும் முதியவர் வாழ்ந்துவந்தார். அவரும் இரண்டு வயதில் நோயாற் கண்ணும் செவியும் இழந்தவர். விரலால் உள்ளங்கையில் எழுத்துகளை உணர்த்தும் முறையாற் கல்வி கற்பிக்கப்பெற்றவர். அவரோடு உரையாடும் பொருட்டு ஆன் அவ்விரலெழுத்தைப் பழகியிருந்தார்.

லாராவின் வரலாற்றை ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் தம் அமெரிக்கப் பயண நூலில் எழுதியிருந்தார். அதனைப் படித்த ஹெலனின் தாயாருக்கு நம்பிக்கை பிறந்தது. பெற்றோர் 1886-இல் மகளைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடம் அனுப்பினார். பெல் பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதச் சொன்னார். அப்பள்ளித் தலைவர் தேர்ந்தனுப்ப, இருபது வயதினரான ஆன் சலிவன் 1887-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் டஸ்கம்பியா வந்திறங்கினார்.

தொடக்கத்தில் ஆசிரியைக்கும் மாணவிக்கும் போரே நிகழ்ந்தது. உணவு வேளையில் பிறர் தட்டுகளிற் கையிட்டு வேண்டியதை எடுத்துண்பது ஹெலனின் வழக்கம். இரக்கத்தால் வீட்டார் தடுப்பதில்லை. ஆன் தம் தட்டிற் கைவைக்க விடவில்லை. சிறுமி தரையிற் புரண்டு அலறினாள். பிறரை வெளியேற்றிக் கதவைத் தாழிட்டு, தன் தட்டில் தானே கரண்டியால் உண்ணும் வரையில் ஆசிரியை விடாமற் போராடினார். ஹெலனும் வாளாவிருந்திலள்; ஆசிரியையை அறையில் வைத்துப் பூட்டித் திறவுகோலை ஒளித்தாள். தந்தையார் ஏணி வைத்துச் சன்னல் வழியாக அவரை இறக்க நேர்ந்தது. குடும்பத்தாரின் அளவிறந்த இரக்கமே சிறுமிக்குத் தடையென ஆன் கண்டார்; ஆதலால் தோட்டத்திலிருந்த சிறு வீட்டில் அவளோடு தனித்துச் சில நாள் தங்க இசைவு பெற்றார். அங்கே சிறுமி பணிவு கற்றாள். பொருள்களைக் கையிற் கொடுத்து அவற்றின் பெயரை உள்ளங்கையில் எழுதினால், அவ்விரலசைவை அப்படியே திருப்பிச் செய்யவும் பழகினாள். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அவளுக்கு விளங்கவில்லை. கோப்பைக்கும் அதிலுள்ள நீருக்கும் வேறுபாடு தெரியாமல் மயங்கினாள்.

ஏப்ரல் 5-ஆம் நாள் அம்மயக்கம் தீர்ந்தது. தோட்டத்து அடிகுழாயில் ஒருவர் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். ஆசிரியை ஹெலனின் ஒரு கையை நீர்த்தாரையில் வைத்து, மற்றொரு கையில் நீரைக் குறிக்கும் எழுத்துகளை முதலில் மெல்லவும் பின்னர் விரைந்தும் எழுதினார். சிறுமி அசைவற்று நின்றாள். கைமேல் வழியும் குளிர்ந்த பொருளுக்கும் உள்ளங்கை எழுத்துக்கும் உள்ள தொடர்பு மனத்திற் பளிச்சிட்டது. உடனே குனிந்து நிலத்தைத் தொட்டு அதன் பெயர் யாதென வினவினாள், குழாயைத் தொட்டாள், இறுதியில் ஆசிரியையின் பெயரையும் வினவினாள். அன்று மாலைக்குள் முப்பது சொற்கள் அளவில் கற்றுவிட்டாள். ஒரு திங்களுக்கு முன்பு ஒருவர்க்கும் அடங்காதிருந்த குழந்தை அவள்.

அதன்பின் கல்வி வெள்ளம்போற் பெருகிற்று. புடைத்த எழுத்துகளைத் தடவிப் படிக்கவும், பிரெயில் எழுத்தில் எழுதவும் ஹெலன் பழகினார். பிரெயில் என்பது பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட முறை. ஆறு புள்ளிகளை வெவ்வேறாக இணைத்தால் அறுபத்து மூன்று குறிகள் கிடைக்கும்; அவையே எழுத்துகளாகும். ஆனால் அமெரிக்காவில் அந்நாளில் பார்வையற்றோர்க்கு ஐவகை எழுத்து முறைகள் வழங்கின. ஒன்று கற்றவர் மற்றொன்றிலுள்ள நூலைப் படிக்க இயலாது. ஹெலன் ஐந்தையும் கற்க வேண்டியதாயிற்று. கல்லூரி நுழைவுத் தேர்விற்கு இரண்டு நாள் முன்னர், தாம் பழகிய ஆங்கிலேய முறைக் கணக்குக் குறிகளுக்கு மாறாக அமெரிக்க முறைக் குறிகளில் வினாத்தாள் வரும் என்று அறிந்து அவர் பட்ட இடர் சிறிதன்று. இக்குழப்பம் நீங்குமாறு பிற்காலத்தில் அவர் விடாது வாதாடினார். ஆங்கில மொழிக்கு ஒரே பிரெயில் முறை 1932-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்திய மொழிகளுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் என்னும் முறை 1951-இல் வகுக்கப்பட்டது. அதில் அகரத்திற்கும் ஆங்கில முதலெழுத்திற்கும் ஒரே புள்ளிதான்.

சென்னைக்கு மேற்கே, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊராகிய பூவிருந்தவல்லியில், பார்வையற்ற மாணவர்க்கென அரசினர் பள்ளி ஒன்று நடைபெறுகிறது. பிரெயில் நூல்களை அச்சிடும் அச்சகமும் அவ்வூரில் உண்டு. அங்கே தமிழ்ப்பாடம் படிக்கும் மாணவன் விரலால் தடவும் புள்ளிகளும், அலபாமாவில் அச்சிறுமி தடவிய பிரெயிற் புள்ளிகளும் ஒரே ஆறு புள்ளிகளின் வகைகளே. அம்பத்தூர், ஆவடி முதலிய அயலூர்களிலிருந்து அவ்வழியே செல்வோருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

1892-இல், பன்னிரண்டாம் வயது நிரம்பும் முன்னர், ஹெலனுக்குக் கொடிய துன்பம் ஒன்று நேர்ந்தது. பெர்க்கின்ஸ் பள்ளித் தலைவரின் பிறந்தநாளுக்கென அவர் கதை ஒன்று எழுதி அனுப்பினார். பலரும் வியந்து பாராட்டி அதனை அச்சிட்டனர். பின்னர் அது மார்கரெட் கேன்பி என்பவர் முன்னரே எழுதிய கதை ஒன்றை ஒத்திருத்தல் தெரியவந்தது. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ அக்கதையைச் சிறுமியின் கையில் எழுதிக் காட்டியிருந்தனர்; கேட்டதை மறந்த மனம் கதையை மட்டும் காத்துவைத்துத் தன்னதாக வெளியிட்டது. பள்ளியார் எண்மர் அடங்கிய குழு ஒன்றை அமைத்தனர். ஆசிரியையை வெளியே நிறுத்திவிட்டு, அச்சிறுமியை மட்டும் அழைத்து இரண்டு மணி நேரம் வினவினர். குழுவினர் இருபாலும் சமமாய்ப் பிரிந்தமையால் குற்றம் சாட்டப்படவில்லை. எனினும் அந்நட்பு முறிந்தது. நெட்டுருச் செய்து பழகிய புலவர்க்கே பிறர் சொல் தம் சொல்லாய் நாவில் வருவதுண்டு. அவ்வாறிருக்க, உலகம் முழுவதையும் பிறர் விரல் வழியே பெற்ற குழந்தையை இவ்வளவு கடுமையாக வினவியது தக்கதன்று. அதன்பின் ஹெலன் ஓர் எளிய கடிதம் எழுதும்போதும், இத்தொடர் என்னுடையதுதானா என்று அஞ்சி எழுத்தை நிறுத்திவிடுவார். அவ்வச்சம் நீங்கப் பல ஆண்டுகள் சென்றன. நூல் எழுதி வாழ்ந்தவருக்கு இதனினும் பெரிய தடை வேறில்லை.

இதனிடையே 1890-இல் வாய்பேசவும் கற்கத் தொடங்கினார். ஆசிரியை பேசும்போது அவர் முகத்தைத் தொட்டு நாவும் உதடும் அசையும் முறையை உணர்ந்து, அவ்வாறே தாமும் ஒலித்துப் பார்ப்பார். பிறர் பேச்சையும், அவர் மிடற்றிலும் உதட்டிலும் மூக்கிலும் விரல்வைத்து அறியும் ஆற்றல் பெற்றார். எனினும் அவர் பேச்சுப் பழகியவர்க்கன்றி ஏனையோர்க்கு எளிதில் விளங்கியதில்லை. வாழ்நாள் முழுவதும் அவருக்கு இது ஒரு குறையாகவே இருந்தது.

1900-ஆம் ஆண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராட்கிளிப் மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். வகுப்பில் பேராசிரியர் கூறுவனவற்றை ஆன் சலிவன் அருகமர்ந்து அவர் கையில் எழுதிக்கொண்டேயிருப்பார். கை அதிலே ஈடுபட்டிருத்தலால் ஹெலன் குறிப்பெடுக்க முடியாது. வீட்டிற்குத் திரும்பியபின் நினைவிலுள்ளதைத் தட்டச்சுப் பொறியிற் பதித்துக்கொள்வார். பிரெயிலில் இல்லாத நூல்களை ஆன் தம் நலிந்த கண்களால் நாடோறும் பல மணி நேரம் படித்துக் கையில் எழுதினார். தேர்வுகளிலோ அவர் உடனிருக்க இசைவில்லை. ஹெலன் தட்டச்சிலேயே விடை எழுதினார். 1904-இல் சிறப்புடன் தேறிப் பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இழந்தோருள் கலைப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. மாணவியாய் இருந்தபோதே, 1903-இல், அவர்தம் வாழ்க்கை வரலாற்று நூல் வெளிவந்தது.

பட்டம் பெற்றாயிற்று, பிழைப்பது எவ்வாறு? மேடைகளிற் பாராட்டியோர் பலர். ஊதியத்திற்கு வேலை தர முன்வந்தோர் அரியர். நூலும் கட்டுரையும் எழுதி ஈட்டுவதென ஹெலன் துணிந்தார். ஆனால் உலகோர் அவரிடம் எதிர்பார்த்தது அவர் தம்மைப்பற்றி எழுதுவதையே. தொழிலாளர் நிலை, மகளிர் வாக்குரிமை ஆகியவைபற்றி அவர் எழுதியபோது, குறையுடையவர் இவற்றை எங்ஙனம் அறிவார் என்று முன்பு புகழ்ந்த செய்தித்தாள்களே இகழ்ந்தன. 1910-இல் பெருஞ்செல்வர் கார்னெகி ஆண்டுதோறும் உதவித்தொகை அளிக்க முன்வந்தார். தம் உழைப்பால் வாழ்வதே தமக்கு உகந்தது என்று ஹெலன் அதனை மறுத்துவிட்டார்.

மூன்றாண்டுகள் கழிந்தன. இருவரும் சொற்பொழிவுப் பயணமாக ஊர்தோறும் சென்றுகொண்டிருந்தனர். 1913-ஆம் ஆண்டு ஏப்ரலில், மேய்ன் மாநிலத்துப் பாத் என்னும் ஊரில் விடுதியிற் தங்கியிருந்தபோது ஆன் நோய்வாய்ப்பட்டுச் சாய்ந்தார். ஹெலனுக்குத் தொலைபேசியிற் பேச இயலாது. புதிய இடத்தில் வழி தெரியாது. எதிர்ப்பட்டாரிடம் தம் துன்பத்தை உரைக்கவும் இயலாது. விடுதியார் உதவியால் ஒருவாறு வீடு வந்து சேர்ந்தனர். வந்ததும் ஹெலன் கார்னெகிக்குத் தாமே எழுதி, முன்பு மறுத்த உதவியை இப்போது ஏற்பதாகத் தெரிவித்தார். அச்செல்வர் வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு ஐயாயிரம் டாலர் கிடைக்க ஏற்பாடு செய்தார். முன்னர் மறுத்ததைப் பின்னர் ஏற்றது அவர் உறுதிக்கு இழுக்கென்று எண்ணற்க. எங்கே தம் வலிமை முடிகிறது என்பதை அறிந்து, அதனை மறைக்காமற் கூறுவதற்கும் உறுதி வேண்டும். மறு ஆண்டில் பாலி தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி துணைவராய் வந்து சேர்ந்தார்.

அத்தொகை ஹெலனின் வாழ்நாள் அளவுக்கே உரியது. தாம் முன்னர் இறந்தால் ஆசிரியை என் செய்வார் என்ற கவலை அவரை வாட்டிற்று. ஆதலால் 1920 முதல் 1924 வரை பல்சுவை நிகழ்ச்சி நடைபெறும் நாடக அரங்குகளில் தோன்றினார். கழைக்கூத்தரும் பாடகரும் பழக்கிய விலங்குகளும் வரும் மேடை அது. ஆன் மாணவியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வார். பின்னர் ஹெலன் சில சொற்கள் பேசி, அவையோரின் வினாக்களுக்கு நகைச்சுவை ததும்ப விடையளிப்பார். அவையோரின் கையொலியைத் தரையின் அதிர்வால் உணர்வார். கற்றறிந்த பெண்மணி கூத்தாடுவோரோடு நிற்பதா என நண்பர் பலர் முகஞ்சுளித்தனர். நூல் எழுதுவதினும் இவ்வழியில் ஊதியம் மிகுதி என்பதையும், மக்களோடு பழகுவது தமக்கு உவப்பளிக்கிறது என்பதையும் ஹெலன் மறைக்கவில்லை.

1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனத்தின் சார்பில் பணியாற்றத் தொடங்கினார். அதற்கும் முன்னரே, 1907-இல், பிறந்த குழந்தைகளின் கண்ணழற்சிபற்றி எழுதி அன்னையர்க்கு அறிவூட்டினார். பிறந்தவுடன் வெள்ளி நைட்ரேட்டு நீரைக் கண்ணிற் சொட்டுவிட்டால் அந்நோயால் வரும் குருட்டினைத் தடுக்கலாம் என்பதை மருத்துவர் அறிந்திருந்தும், நாணத்தால் பொதுமக்களிடம் பேசாதிருந்த காலம் அது.

1936-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் ஆன் சலிவன் மறைந்தார். இறுதிக் காலத்தில் அவர் கண்ணொளி முற்றும் நீங்கியிருந்தது. அப்பொழுது மாணவியே ஆசிரியைக்குப் பிரெயிற் குறிகளை மீண்டும் கற்பித்தார். ஹெலனின் நூல்கள் உண்மையில் ஆசிரியையின் அறிவே என்று ஐயுற்றோர், இனி இவர் செயலற்றுப் போவார் என்றனர். ஆறு திங்கள் கழியுமுன் ஹெலன் பாலி தாம்சனோடு ஜப்பானுக்குப் பயணமானார். பேசினார், எழுதினார், பார்வையற்றோர்க்குப் பொருள் திரட்டினார். இரண்டாம் உலகப்போரிற் புண்பட்டுக் கண்ணும் செவியும் இழந்த வீரர்களை மருத்துவமனைகளிற் சென்று கண்டார். போருக்குப்பின் 1946-இல் அவர் வீடு தீப்பற்றி, ஆசிரியையைப்பற்றி எழுதிவைத்த ஏடுகள் யாவும் எரிந்துபோயின. மீண்டும் முதலிலிருந்து எழுதி 1955-இல் அந்நூலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே, எழுபத்து நான்காம் வயதில், ஆசிய நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்தார். இந்தியாவுக்கும் வந்து பிரதமர் நேருவைக் கண்டு உரையாடினார். தில்லிப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது.

அவர் புகழினும் அவர்தம் அன்றாட வாழ்வே அறியத்தக்கது. ரென்தம் என்னும் ஊரில் வாழ்ந்த நாளில், வீட்டிலிருந்து பைன் மரச்சோலை வரை கால் மைல் தொலைவுக்குக் கம்பி ஒன்று கட்டப்பட்டது. அதனைப் பற்றிக்கொண்டு, துணை எவருமின்றி, அவர் நாடோறும் நடந்து வருவார். பின்னர்க் கனெக்டிகட்டு மாநிலத்தில் வாழ்ந்த வீட்டிலும் அத்தகைய கைப்பிடிவேலி ஒன்று இருந்தது. கடிதங்களைத் தாமே தட்டச்சில் அடித்து முடிப்பார். நறுமணத்தால் மலரையும், தரை அதிர்வால் நடப்பவரையும் இனங்காண்பார்.

1961-இல் அவர் உடல்நலம் குன்றி வீட்டோடு ஒடுங்கினார். 1964-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அந்நாட்டின் உயர்ந்த குடிமைப் பதக்கத்தை அவருக்கு வழங்கினார். 1968-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், எண்பத்தெட்டாம் வயது நிரம்புதற்குச் சில நாள்களே இருந்தபோது, உறக்கத்தில் உயிர் நீத்தார்.

அவர் பெயரால் மும்பையில் 1977-இல் தொடங்கப்பட்ட நிறுவனம், கண்ணும் செவியும் இழந்த குழந்தைகளுக்கு இந்தியாவிற் கல்வி அளிக்க முன்வந்தது. 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இவ்விரு குறைகளும் ஒருங்கே உடையோர் தனியே குறிக்கப்பெற்றனர். ஹெலன் கெல்லரின் அத்தி வாஷிங்டன் பெருங்கோவிலில் ஆன் சலிவன், பாலி தாம்சன் இருவரின் அத்தியோடு வைக்கப்பட்டுள்ளது. அங்குள்ள பலகையில் எழுத்துகளோடு பிரெயிற் புள்ளிகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வருவோர் அவற்றைத் தடவிப் படித்துச் செல்கின்றனர்.